முகம் பொருந்தவில்லை

கப்பலில் கை கழுவும் இடத்துக் கண்ணாடியின் மேல் ஐஸ்காரர் தன் துண்டை விரித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தபோது, கப்பல் பணியாள் ஒருவன் பின்னால் வந்து நின்றான்.

"பெரியவரே, என்ன பண்றீங்க?"

"துண்டு ஈரமா இருக்கு. காயப்போடுறேன்."

"அதுக்கு இதுவா எடம்? மேல்தளத்துல கம்பி கட்டியிருக்கே."

"மேல காத்து பிச்சுக்கிட்டு அடிக்குது. துண்டு கடல்ல போச்சுன்னா நீ வாங்கித் தருவியா?"

அவன் துண்டைத் தொட்டுப் பார்த்தான். சொட்டு ஈரம் இல்லை. அப்பளம் மாதிரிக் காய்ந்து கிடந்தது. கிழவருக்கு மறை கழன்றுவிட்டது என்று முடிவு கட்டிக்கொண்டு போய்விட்டான். ஐஸ்காரருக்கு அதில் வருத்தமில்லை. பைத்தியம் என்று பேர் எடுப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. எவனும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. அவர் தலையை மட்டும் வெளியே நீட்டி, "இந்தா, வா. இப்ப யாரும் இல்ல" என்று மனைவியைக் கூப்பிட்டார்.

அவள் மூக்குக்குக் கீழே முழுக்கத் துணியால் மூடிக் கட்டியிருந்தாள். உள்ளே வந்து கை கழுவினாள். சுவரில் தொங்கிய துண்டைப் பார்த்தாள். துண்டுக்கு முன்னால் காவல்காரன் மாதிரி நின்ற புருஷனைப் பார்த்தாள். பிறகு ஈரக் கையை அவர் சட்டையிலேயே துடைத்துவிட்டு வெளியே போனாள். பேச முடிந்த காலமாக இருந்தால் அந்த ஒரு பார்வைக்கு அரைமணி நேர வசவு வந்திருக்கும்.

ஐஸ்காரர் என்ற பேர் அவருக்குத் துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் வந்தது. தகர டப்பாவில் உறைந்து கிடக்கும் பாளத்தைக் கொக்கி போட்டு இழுத்து, அரைக்கிற இயந்திரத்துக்குள் தள்ளுகிற வேலை. படிப்பு என்று பார்த்தால் கையெழுத்துப் போடத் தெரியும், பஸ்ஸின் நெற்றிப் பலகையைப் படிக்கத் தெரியும், அதற்கு மேல் யாரையும் நம்பாமல் இருக்கத் தெரியும். மனைவி பக்கத்துக் கொட்டகையில் இறால் உரிப்பவள். அங்கே அவளுக்கு மைக்செட் என்று பேர். ஐஸ் இயந்திரம் ஓடுகிற சத்தத்தையும் மீறி அவள் குரல் இந்தப் பக்கம் கேட்கும். மேற்பார்வைக்காரன் யாராவது ஒருத்தியைத் தரக்குறைவாகப் பேசிவிட்டால் போதும், அவன் பரம்பரையையே இறாலோடு சேர்த்து உரித்து வைத்துவிடுவாள். அப்படிப்பட்ட வாயில்தான் கட்டி வந்து உட்கார்ந்தது. கீழ்த்தாடையின் இடது பக்கம்.

சொந்த ஊர் ஆஸ்பத்திரியில் வரிசையில் பேர் எழுதிக்கொண்டு, கூப்பிடுகிறோம் போங்கள் என்றார்கள். அதுவரை கட்டி காத்திருக்குமா என்று ஐஸ்காரர் கேட்டதற்கு, அதை நாங்கள் எப்படிச் சொல்ல முடியும் என்றார்கள். யார்தான் சொல்வார்? கட்டியைத்தான் கேட்க வேண்டும் போலிருக்கிறது. கடலுக்கு அந்தக் கரையில் இருக்கிற நாட்டில் உடனே செய்கிறார்கள் என்று யாரோ சொன்னதன் பேரில் கப்பலேறி, பஸ் பிடித்து, ரயில் மாறிப் போனார்கள். போகும்போது அவள் வழி நெடுகப் பேசிக்கொண்டே போனாள். கப்பலில் பக்கத்து இருக்கைக்காரியின் மாமியார் கதை முழுவதையும் கறந்துவிட்டாள். வாய் வலிக்கவில்லையா என்று இவர் கேட்டதற்கு, "வலிக்குது. பேசாம இருந்தா அதைவிட வலிக்குது" என்றாள்.

அங்கே டாக்டர் நல்ல மனிதர்தான் என்று சொல்லிக்கொண்டார்கள். ஐஸ்காரர் டாக்டரையும் நம்பவில்லை. ஆனால் ஆபரேஷன் முடிந்து அவர் வெளியே வந்து, மொழி தெரிந்த ஆள் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னதை நம்பாமல் இருக்க முடியவில்லை. தாடை எலும்பில் இடது பக்கம் ஏறக்குறைய முழுதும் எடுத்தாகிவிட்டது. உயிருக்குப் பயமில்லை. பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக வரலாம். முகம் இனி இப்படித்தான். கட்டுப் பிரித்த அன்று ஐஸ்காரர் அந்த முகத்தைப் பார்த்தார். ஒரு பக்கம் அவள். மறுபக்கம், ஓரம் உருகிப்போன ஐஸ் பாளம் மாதிரி உள்ளே இறங்கி, வாயையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போயிருந்தது.

அவள் உள்ளங்கையை முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினாள். கண்ணாடி வேண்டுமாம். இவர் புரியாத மாதிரி நின்றார். மறுபடி காட்டினாள்.

"வீக்கம்தான். வேறொண்ணுமில்ல. வடிஞ்சா பழையபடி ஆயிரும். வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம்."

பொய் அங்கே ஆரம்பித்தது. அவள் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்றால், தெரியாது. அந்தப் பக்கம் முழுக்க மரத்துக் கிடந்தது. ஐஸில் மரத்த விரலைத் தொட்டால் யாருடைய விரலையோ தொட்ட மாதிரிதான் இருக்கும் என்பது அவருக்குத் தெரியாததா? தையல் கெட்டுவிடும், தொடாதே என்றும் சொல்லி வைத்தார். அவர் கணக்கு இதுதான்: வீட்டுக்குப் போய், பகல் வெளிச்சத்தில், மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மெல்லச் சொல்ல வேண்டும். அதுவரை இவள் தன் முகத்தைப் பார்க்கக் கூடாது. மகளிடமும் போனில் வீக்கம் என்றுதான் சொல்லியிருந்தார். உண்மையைச் சொன்னால் அவள் துணிக்கடை வேலையைப் போட்டுவிட்டுக் கப்பலேறி வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுவாள். அழுவதற்கு ஏன் இவ்வளவு தூரம் வரவேண்டும்?

ஆனால் உலகத்தில் இத்தனை கண்ணாடி இருக்கிறது என்பது அவருக்குத் திரும்பி வருகிற பயணத்தில்தான் தெரிந்தது. ரயில் மலைக்குள் புகுந்ததும் ஜன்னல் கண்ணாடி சட்டென்று கறுத்து, பெட்டி முழுவதையும் அதில் எழுதிக் காட்டியது. இவர் பாய்ந்து அவளுக்கும் ஜன்னலுக்கும் நடுவே தலையைக் கொண்டுபோய் வைத்து, "வெளிய என்ன இருக்குன்னு பாக்குறேன்" என்றார். குகைக்குள் என்ன இருக்கும், இருட்டு இருக்கும். மலை முடியும்வரை அப்படியே கழுத்து சுளுக்க உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு கனவான். நம் மொழிக்காரர்தான். மொழி ஒன்றாக இருந்தால் மூக்கை நுழைக்க உரிமை வந்துவிடுகிறது. குனிந்து, துணிக்குக் கீழே எட்டிப் பார்க்கிற மாதிரி, "அம்மாவுக்கு என்ன? புகையிலை போடுற பழக்கமோ?" என்றார்.

"இல்ல. நீங்க என்ன போடுவீங்க?"

"நான் ஒண்ணும் போடறதில்லையே."

"அப்ப வாய்க்குப் பூட்டாவது போடுங்க."

கனவான் செய்தித்தாளுக்குள் போய்விட்டார். மனைவி இவர் தொடையில் கிள்ளினாள். கிள்ளின கிள்ளில் பாதி கண்டிப்பு, பாதி சபாஷ்.

கப்பலுக்கு ஆள் ஏற்றிப் போகிற பஸ்ஸில் வேறு கூத்து. அதில் கண்டக்டர் முதல் பயணிகள்வரை நம் மொழிக்காரர்கள்தான். முன் இருக்கைக்குத்தான் டிக்கெட். வழியில் அவள் குழாய் போட்டுக் கஞ்சித் தண்ணீர் குடிக்கும்போது துணி விலகிவிட்டது. பக்கத்தில் இருந்த குழந்தை வீறிட்டது. குழந்தையின் தாயார் கண்டக்டரைப் பார்த்தாள். கண்டக்டர் இவர்களைப் பார்த்தான்.

"கொஞ்சம் பின்னாடி போயிருங்களேன். பிள்ளைங்க பயப்படுது."

"டிக்கெட்டுல மூஞ்சி லட்சணமா இருக்கணும்னு எங்கயாவது போட்டிருக்கா? காட்டு."

"கோவப்படாதீங்க பெரியவரே. எல்லாரும் ஒத்துமையா போகணும்ல?"

"ஒத்துமைன்னா நீ எந்திரிச்சுப் பின்னாடி போ. நாங்க முன்னாடி இருக்கோம். ஒத்துமையா இருக்கும்."

பஸ் சிரித்தது. இவர் சிரிக்கவில்லை. உடம்பு முழுக்க எரிந்தது. நோயாளியைப் பின்னால் தள்ளிவிட்டு ஆரோக்கியமானவன் முன்னால் உட்கார்ந்துகொள்கிறான். இதற்குப் பேர் ஒற்றுமையாம். அவள்தான் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எழுந்து பின்னால் நடந்தாள். கடைசி இருக்கையில் ஒவ்வொரு குழிக்கும் தூக்கித் தூக்கிப் போட்டது. ஒவ்வொரு தடவையும் அவள் தாடையைக் கையால் தாங்கிக்கொண்டாள். ஆனால் டிரைவர் தலைக்கு மேலே இருந்த அகலக் கண்ணாடி இங்கிருந்து தெரியவில்லை. அது தெரியவில்லையே என்று இவர் மனதுக்குள் ஒரு ஆறுதல் வந்தது. அந்த ஆறுதல் வந்ததற்காகக் கண்டக்டரை இன்னும் அதிகமாகத் திட்டிக்கொண்டார்.

கப்பல் சொந்தக் கரையைத் தொட்டபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. இன்னும் ஒரே ஒரு கூடம். அந்தக் கூடத்தைத் தாண்டினால் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மகள் நிற்பாள். ஆனால் அந்தக் கூடத்தை நினைத்துத்தான் ஐஸ்காரர் ரயிலிலிருந்தே பயந்துகொண்டு வந்தார். போகும்போது பார்த்திருக்கிறார். மேஜைக்கு மேஜை ஒரு கேமரா. கேமராவுக்குக் கீழே, வருகிறவர் பார்க்கிற மாதிரி ஒரு திரை. திரையில் தெரிகிற வட்டத்துக்குள் முகத்தைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். போகிற அன்று அவள் அதில் தன்னைப் பார்த்து, முடியை ஒதுக்கி, "கருப்பா காட்டுதே சார்" என்று அதிகாரியிடம் குறைப்பட்டாள்.

இந்தத் தடவை மேஜையில் மகள் வயதில் ஒரு அதிகாரிப் பெண். இவருடையது உடனே முடிந்தது. இவர் நகரவில்லை.

"அம்மா, அந்தத் துணியை எடுங்க. கேமராவைப் பாருங்க."

"எடுக்க முடியாதும்மா" என்று இவர் திரைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஏங்க?"

"பல்வலி."

"பல்வலிக்கும் துணிக்கும் என்னங்க? ஒரு நிமிஷம் எடுத்துட்டுக் கட்டிக்கட்டும்."

காற்றுப் படக்கூடாது என்றார். இங்கே காற்றே இல்லையே என்றாள் அவள். அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். ஐஸ்காரர் வாயில் அந்த நேரத்துக்கு வந்த வார்த்தை இது: "அம்மை போட்டிருக்கு."

பின்னால் நின்ற வரிசை முழுவதும் கால் பின்வாங்கியது. அதிகாரிப் பெண் நாற்காலியோடு நகர்ந்தாள். மனைவி புருஷனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் ஐஸ் பாளம் உருகியிருக்கும்.

"அம்மை இல்ல, அம்மை இல்ல! தப்பாச் சொல்லிட்டேன். ஆபரேஷன். இதோ ஆஸ்பத்திரிக் காகிதம்."

"முதல்ல பல்வலின்னீங்க. அப்புறம் அம்மைன்னீங்க. இப்ப ஆபரேஷனா?"

"மூணாவதுதாம்மா நெசம்."

"நாலாவது ஒண்ணு வருமா?"

அவள் எழுந்து போய் மூக்குக்கண்ணாடி போட்ட பெரிய அதிகாரியைக் கூட்டி வந்தாள். அந்த ஆள் இவரை மேலும் கீழும் பார்த்தார். ஒரு கிழவன்; வாயைத் திறக்காத ஒரு பொம்பளை; முகத்தைக் காட்டவிடாமல் குறுக்கே குறுக்கே விழுகிறான். ஐஸ்காரருக்கே வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தோன்றியிருக்கும். அவராயிருந்தால் அந்த இடத்திலேயே பிடித்து உட்கார வைத்திருப்பார். "அந்த அம்மாவை உள்ள அழைச்சிட்டுப் போங்க. ஐயா, நீங்க இங்கயே இருங்க" என்றார் பெரிய அதிகாரி.

"அவளைத் தனியா அனுப்ப மாட்டேன்."

"நீங்க அனுப்ப வேண்டாம். நாங்க கூட்டிட்டுப் போறோம்."

கதவு சாத்திக்கொண்டது. கதவில் நடுவே தேய்த்த கண்ணாடி. உள்ளே நிழல்தான் தெரியும். துணி தலைக்கு மேலே உயர்ந்து இறங்குகிற நிழலை அவர் பார்த்தார். அவ்வளவுதான். ரயிலையும் பஸ்ஸையும் கப்பலையும் தாண்டிக் கொண்டுவந்த பூசணிக்காய். சோற்றில் மறைத்து மறைத்துக் கடைசிக் கவளத்தில் வெளியே வந்துவிட்டது. பக்கத்தில் யாருமில்லாமல், பகல் வெளிச்சம் இல்லாமல், முன்பின் தெரியாத இரண்டு உத்தியோகஸ்தர்களுக்கு நடுவில்.

பெரிய அதிகாரி வெளியே வந்தபோது ஐஸ்காரர் கதவுக்கு முன்னாலேயே நின்றார்.

"முகம் பொருந்தவில்லைன்னு வருது" என்றார் அவர்.

"எதோட?"

"போகும்போது எடுத்த படத்தோட. பாஸ்போர்ட் படத்தோட. ரெண்டோடயும்."

"எப்படிப் பொருந்தும்? பாதி எலும்பை எடுத்துட்டாங்கன்னு காகிதம் கொடுத்திருக்கேனே!"

"ஐயா, இந்தக் காகிதம் இந்தப் பேர்ல ஒரு அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்ததுன்னு சொல்லுது. உள்ள இருக்கிறவங்கதான் அந்த அம்மான்னு சொல்லலையே."

ஐஸ்காரர் அந்த வார்த்தையை வாய்க்குள் போட்டு மென்று பார்த்தார். எங்கே கடித்தாலும் பல் இறங்கவில்லை. அது சரியாகத்தான் இருந்தது. சரியாக இருந்ததுதான் ஆத்திரத்தைக் கிளப்பியது. தப்பான பேச்சை அடித்து உடைக்கலாம். சரியான பேச்சை வைத்துக்கொண்டு ஒரு பொம்பளையை அவள் இல்லை என்று சாதிக்கிறவனை என்ன செய்வது?

"விரலை வச்சுப் பாருங்க."

"வச்சோம். ரேகையே விழல."

"எப்படி விழும்? இத்தனை வருஷமா இறால் உரிக்கிறா. ஓட்டுத் தண்ணியில விரல்தோல் வெந்து தேய்ஞ்சு போச்சு. நீங்க சாப்பிடுறது எல்லாம் அவ விரல்ல இருந்து போனதுதான் சார்."

"நான் இறால் சாப்பிடறதில்லை" என்றார் அதிகாரி. கேலியில்லை, நிஜமாகவே சொன்னார். "ஐயா, உங்க மேல எனக்குக் கோபம் கிடையாது. ஒருத்தி பாஸ்போர்ட்டுல இன்னொருத்தின்னு இந்த வழியா பொண்ணுங்களை மாத்திக் கொண்டாறாங்க. அதுக்குத்தான் இவ்வளவும். நீங்க உண்மையைச் சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது."

"உண்மையா? அவளை வச்சுக்கிட்டு அதைச் சொல்ல முடியாமதான் சார்…" என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. இவனிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? "நான்தான் சொல்றேனே. என் பொண்டாட்டிய எனக்குத் தெரியாதா?"

"நீங்க சொல்றது செல்லாது. நீங்கதான் மூணு விதமாச் சொல்லியிருக்கீங்க."

உள்ளே விட்டார்கள். அவள் மேஜைக்கு முன்னால், திரைக்கு நேரே உட்கார்ந்திருந்தாள். துணியை மடித்து மடியில் வைத்திருந்தாள். திரையில் இரண்டு முகம். வலப்பக்கம், போகிற அன்று முடியை ஒதுக்கிக்கொண்டு, இன்னும் ஏதோ பேச வாயைத் திறந்தவளாக ஒருத்தி. இடப்பக்கம் இன்னொருத்தி. நடுவே சிவப்பில் ஒரு கோடு. திரையை அணைக்கக்கூட எவருக்கும் தோன்றவில்லை. அதுதான் அவரை உலுக்கிவிட்டது. கேவலமாகப் பேசினார்களா, இல்லை. கை நீட்டினார்களா, இல்லை. தண்ணீர்கூடக் கொடுத்திருக்கிறார்கள், மேஜையில் தம்ளர் இருந்தது. அணைக்கத்தான் தோன்றவில்லை.

"அதை அமத்துங்க!" என்று கத்தினார்.

அதிகாரிப் பெண் பதறி அமத்தினாள். மனைவி எழுந்து அவர் பக்கம் வந்தாள். அழுதிருப்பாள் என்று நினைத்தார். கண் காய்ந்திருந்தது. கன்னத்துக்கு வெளியே கையைக் குவித்துப் பெரிதாக ஊதிக் காட்டினாள்: வீக்கம். பிறகு அந்த வீக்கத்தைக் கையால் பிடுங்கித் தரையில் எறிந்தாள். மறுபடி குவித்தாள், மறுபடி எறிந்தாள். வீக்கமாம், வீக்கம்! கடைசியாக இரண்டு கை முட்டியாலும் அவர் நெஞ்சில் குத்தினாள். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாகத் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதில் வார்த்தை எதுவும் இல்லை. ஆனால் அது வசவுதான். முப்பது வருஷமாக அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறவருக்கு எந்த வசவு என்றுகூடத் தெரிந்தது.

"கேட்டீங்களா சார்? ஊரான் பொண்டாட்டி இப்படித் திட்டுவாளா?"

அதிகாரிப் பெண் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டாள். பெரிய அதிகாரிக்கு உதடு லேசாக அசைந்தது. "அதையெல்லாம் பதிவுல எழுத முடியாது ஐயா. ரத்த சம்பந்தமா வேற யாராவது இருக்காங்களா? இல்லைன்னா விசாரிச்சு பதில் வர்ற வரைக்கும் அம்மாவை அந்தக் கரைக்கே திருப்பி அனுப்பணும். கப்பல் கிளம்பறதுக்குள்ள சொல்லுங்க."

"மறுபடியும் அனுப்புவீங்களா? அங்கே போய் எங்க நிப்பா? வாய் பேசாதவ!"

"அதான் கேக்கறேன். யாராவது இருக்காங்களா?"

மகள் வெளியே நிற்கிறாள் என்று சொன்னார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. அதிகாரி ஆளனுப்பிவிட்டார். கூடவே வேறு இரண்டு பெண்களை, அதிகப்படி மூட்டையோடு பிடிபட்டு அடுத்த அறையில் காத்திருந்தவர்களை, உள்ளே அழைத்துவந்து சுவரோரப் பெஞ்சில் உட்கார வைத்தார். கூட்டிப் பெருக்குகிற அம்மாளையும் கொஞ்சம் உட்காரும்மா என்றார். மைக்செட்டும் அந்த வரிசையில்.

"சார், ஒரே ஒரு நிமிஷம் விடுங்க. நான் வெளிய போய் அந்தப் பிள்ளைகிட்ட முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துர்றேன்."

"அதுதான் கூடாது. நீங்க சொல்லிட்டா அப்புறம் அது என்ன சாட்சி? நீங்க வாயையே திறக்கக் கூடாது. கையும் காட்டக் கூடாது. திறந்தீங்கன்னா, அவங்க சொல்றதும் செல்லாது."

"சந்தையில தொலைஞ்ச ஆட்டை அடையாளம் பாக்குற மாதிரி, பெத்த மகளைக் கூப்பிட்டு இதுல உன் அம்மா எதுன்னு கேப்பீங்களா? அந்தப் பிள்ளை ஒரு வேளை தெரியலைன்னு சொல்லிட்டா? சொல்லிட்டு அப்புறம் உயிரோட இருக்க வேணாமா அது? உங்களுக்கு அம்மா இருக்காங்களா சார்?"

"இருக்காங்க" என்றார் அதிகாரி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு வேற வழி இல்லை."

வழியில்லையாம். கதவு இவர் கையில், சாவி இவர் கையில், முத்திரை இவர் கையில். வழி மட்டும் இல்லை. ஐஸ்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு மனைவியிடம் போய், மகள் வருவதற்குள் துணியையாவது கட்டிவிடலாம் என்று எடுத்தார். கண்ணை மட்டும் பார்த்தால் தெரிந்துவிடும், மீதியை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். அவள் அதை வெடுக்கென்று பிடுங்கினாள். மடித்தாள். பெஞ்சில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

மகள் உள்ளே வந்தாள். கடையிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும், சீருடையோடு இருந்தாள். கையில் பிளாஸ்க்.

"அப்பா! கப்பல் வந்து எல்லாரும் போயிட்டாங்க, நீங்க மட்டும் வரலையே. அம்மா எங்கப்பா?"

ஐஸ்காரர் துண்டின் நுனியை வாயில் வைத்துக் கடித்தார்.

"அவர்கிட்ட பேச வேண்டாம்மா" என்றார் அதிகாரி. "இந்த அறையில உங்க அம்மா இருக்காங்களான்னு பாத்துச் சொல்லுங்க."

"இது என்ன சார் விளையாட்டு? அப்பா, சொல்லுங்கப்பா."

அவள் பெஞ்சைப் பார்த்தாள். பெருக்குகிற அம்மாளிடமிருந்து ஆரம்பித்தாள். மூட்டைக்காரி ஒருத்தி. அடுத்து அந்த முகம். மகளின் கண் அதன்மேல் ஒரு கணம் நின்றது. நின்றதற்காக வெட்கப்பட்ட மாதிரி உடனே விலகி அடுத்தவளிடம் போய்விட்டது. ஊனப்பட்டவர்களை உற்றுப் பார்க்கக் கூடாது என்று அவளுக்குச் சிறுவயதில் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தவள் அவள் அம்மாதான்.

ஐஸ்காரர் மனைவியைப் பார்த்தார். இவள் ஏன் சும்மா இருக்கிறாள்? இப்போதுதான் குத்தினாளே, சத்தம் போட்டாளே. கை காட்டாதே, சத்தம் போடாதே என்று இவளிடம் எவனும் சொல்லவில்லையே. ஒரு கையைத் தூக்கினால் போதும். அந்தப் பழைய சத்தத்தில் பாதி வந்தால் போதும். அவள் தூக்கவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்து, முதுகை நிமிர்த்தி, இல்லாத தாடையை ஏந்திக்கொண்டு, மகளையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மேற்பார்வைக்காரன் முன்னால் எழுந்து நிற்கிறபோது இருக்கிற அதே கோபம். தெரிந்தால் இந்த முகத்திலேயே தெரியட்டும். ஒரு சைகைகூட உதவிக்குத் தரமாட்டேன் என்கிற வீம்பு அவருக்குப் புரிந்தது.

மகளின் கண் வரிசையின் கடைசிவரை போயிற்று. சுவரைத் தொட்டது. பிறகு, வழியில் எதையோ கீழே போட்டுவிட்டவள் மாதிரி, வந்த வழியே மெல்லத் திரும்பி வந்து நின்றது. அதிகாரி பேனாவைத் திறந்து பிடித்திருந்தார். மகள் பிளாஸ்கை மார்போடு அணைத்துக்கொண்டாள். அவளுடைய மற்றொரு கை தானாக மேலே எழுந்து, தன் இடது காதுக்குக் கீழே போய், அங்கிருந்த எலும்பைத் தொட்டு, அந்த எலும்பின் வழியே விரல் விரலாக மோவாய்வரை இறங்கிக்கொண்டிருந்தது.